பேர் போடாத ஜெபக் குறிப்பு

எங்கள் செம்பாக்கம் வீட்டு ஹாலில் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அதற்கு ஒரு லேஸ் துணி தைத்துப் போட்டேன். தூசிக்காக என்று எல்லாரிடமும் சொன்னேன். பொய். அது என்னையே பார்க்கிற மாதிரி உள்ளூர ஒரு பயம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிற டீச்சருக்கு வந்த பயத்தைப் பாருங்கள்.

தங்கச்சியைப் பீர்க்கன்கரணையில் கட்டிக்கொடுத்திருந்தோம். கட்டினவன் கை நீட்டுகிறவன். நாலு வருஷம் பொறுத்தாள். அப்புறம் அம்மாவைப் பார்க்கிற சாக்கில் சனிக்கிழமைதோறும் வந்து, எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு வக்கீலுக்கு மெயில் போட ஆரம்பித்தாள். எங்கள் ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, அம்மாவுக்குக்கூட. குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் அவளுக்கு டீச்சர் வேலை தயார். திங்கட்கிழமை ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரச் சொல்லிவிட்டார்கள். அவை இருந்ததோ மாமியார் பீரோவில். வெள்ளிக்கிழமை அந்தம்மா உபவாச ஜெபத்துக்குப் போனதும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதாகத் திட்டம்.

அதற்கு முந்தின சனிக்கிழமைதான் மெயிலுக்குப் பக்கத்தில் விளம்பரம் வந்தது. ‘விவாகரத்தா? முதல் ஆலோசனை இலவசம்.’

தங்கச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. “அக்கா, எவனோ படிக்கிறான்.”

அதற்குக் கீழே இன்னொன்று: ‘மறுமணமா? ஆயிரக்கணக்கில் வரன்கள்.’ அட பாவி! இன்னும் தாலியே கழற்றவில்லை, அதற்குள் மாப்பிள்ளை பார்க்கிறான். எங்கள் ஊர்த் தரகர்கூட ஒரு வாரம் பொறுப்பார். மூன்றாவது, உடம்பு இளைக்க ஒரு மருந்து. அது எனக்குத்தான் என்று புரிந்து, ஆத்திரத்தில் டெலிபோன் வயரையே பிடுங்கிப்போட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கடல் கடந்து எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்து, நேரே பீர்க்கன்கரணைக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவான் என்றே நம்பினேன். வேறு வழி தெரியாமல், புதன்கிழமை எங்கள் தெருப் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். பேர் போடவில்லை. நான் என்ன முட்டாளா?

‘பீர்க்கன்கரணையில் இருக்கும் ஒரு சகோதரிக்காக. மாமியார் பீரோவிலுள்ள சான்றிதழ்கள் வெள்ளிக்கிழமை பத்திரமாகக் கைக்கு வர. அதுவரை கம்ப்யூட்டர் யாரிடமும் சொல்லாமலிருக்க.’

பேர் இல்லாவிட்டாலும் விவரம் வேண்டாமா? மொட்டையாகக் கேட்டால் ஆண்டவர் எந்தப் பீரோவைத் திறப்பார்?

கூட்டத்தை நடத்தின அக்கா அதைக் கணீரென்று வாசித்தார். இருபது பேர் “ஆமென்” என்றார்கள். வீட்டுக்குப் போனதும் அந்த அக்கா அதை எஸ்.எம்.எஸ்ஸாக்கி எல்லா ஜெபக்குழுவுக்கும் தட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை காலைக்குள் அது செம்பாக்கம், சேலையூர், தாம்பரம் எல்லாம் தாண்டி, பீர்க்கன்கரணை உபவாச ஜெபத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அங்கே மாமியாரும் முழங்காலில் நின்று, அந்தப் பேர் தெரியாத சகோதரிக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்ததாம். ‘பீரோ’ என்று வந்ததும் கண்ணீர் நின்றுவிட்டது. இடுப்பைத் தடவிப் பார்த்திருக்கிறது. சாவி இல்லை. ஆமென் சொல்லக்கூடக் காத்திராமல் ஆட்டோ பிடித்து வந்தபோது, தங்கச்சி பீரோவுக்குள் கையை விட்டபடி நின்றிருந்தாள்.

மத்தியானம் கட்டின சேலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

“யார்கிட்டக்கா சொன்னே?”

“யார்கிட்டயும் சொல்லலடி. ஜெபத்துலதான் வச்சேன்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. குரோம்பேட்டை வேலை போயே போய்விட்டது. டூப்ளிகேட் சான்றிதழ் வாங்க ரெண்டு வருஷம் யுனிவர்சிட்டி படிக்கட்டு ஏறி இறங்கினாள். எங்கள் வீட்டிலேயே இருந்தாள், என்னோடு சிரித்துப் பேசினாள், ஆனால் தன் விஷயம் ஒன்றையும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் மட்டும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் வினாத்தாள் தேடக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பக்கத்தில் விளம்பரம்: ‘துபாய்ப் பள்ளிகளில் ஆசிரியை வேலை.’ அதன் கீழே, மலிவு விமான டிக்கெட்.

சமையலறைக்குப் போய்க் கேட்டேன். “துபாய் போறியாடி?”

“யாரு சொன்னா?”

“கம்ப்யூட்டர்.”

“அது சொன்னாப் பரவால்ல,” என்றாள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். “நீ ஜெபம் பண்ணிடாதேக்கா.”