எங்கள் வீட்டில் மட்டும் கேட்ட குரல்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். அக்காவைப் புகழ்ந்து நாலு வரி எழுதிவிட்டுப் போவது எனக்கு எளிது. அது அவருக்குப் போதாது. எனவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய எங்கள் தெருவில், உப்பளக் கூலிகளான பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பிறக்கும்போதே மேல் உதடும் அண்ணமும் பிளந்திருந்தன. புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து உதட்டைச் சேர்த்துவிட்டார்கள். அண்ணம் முழுதாகக் கூடவில்லை. அதனால் அக்காவின் பேச்சில் பாதி மூக்கு வழியாகவே வந்தது. பழகியவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரியும். புதியவர்கள் இரண்டு முறை கேட்பார்கள்.

வீட்டில் அக்கா ஓயாமல் பேசுவார். மாலை செபமாலையில், பத்துப் பத்து மணிகளாக வரும் ஐந்து பகுதிகளில் ஒன்றை அப்பா அவருக்கென்று ஒதுக்கியிருந்தார். அக்கா தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்வார். ஆனால் வெளியாட்கள் வந்துவிட்டால் அம்மா, "நீ உள்ள போம்மா, தண்ணிய தங்கச்சி குடுப்பா" என்று சொல்லிவிடுவார். யாராவது ஒரு சொல் சொல்லி அக்கா மனம் நோகக் கூடாது என்பதுதான் அம்மாவின் பயம். உள்ளே போன பிள்ளை என்ன நினைத்துக்கொண்டது என்பதை அன்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

பள்ளியிலும் யாரும் கொடுமை செய்யவில்லை. வரிசையாகப் பாடம் வாசிக்கும்போது அக்காவின் முறை வந்தால், "நீ உக்காரும்மா, அடுத்த பொண்ணு படிக்கட்டும்" என்பார் டீச்சர். இரக்கத்தோடுதான் சொல்வார். பத்தாம் வகுப்பு வரை அக்கா ஒரு நாள்கூட எழுந்து நின்று வாசித்ததில்லை. எழுத்துத் தேர்வில் மட்டும் வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவார்.

அந்த நாளில் பக்கத்து வீட்டு டிவியில் ஒரு சிரிப்புக் காட்சி அடிக்கடி வரும். அதில் ஒருவர் மூக்கால் பேசுவார். அவர் வாயைத் திறந்தாலே எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்காவும் எங்களோடு உட்கார்ந்து, கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் பள்ளியில் அந்தப் பாத்திரத்தின் பெயரே அக்காவுக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

இனி எழுதப்போவது என்னைப் பற்றி. நான் ஆறாம் வகுப்பு, அக்கா எட்டாம் வகுப்பு. என் வகுப்பில் நாலு பெண்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். அவர்களோடு சேர எனக்குக் கொள்ளை ஆசை. ஒரு மதிய இடைவேளையில் அவர்களில் ஒருத்தி, "ஏய், உங்க அக்கா எப்டி பேசுவா? பேசிக் காட்டேன்" என்றாள். பேசிக் காட்டினேன். அக்கா வீட்டில் சொல்லும் செபத்தையே அக்காவின் குரலில் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருத்தி என் தோளில் கைபோட்டாள். அந்தக் கையின் சந்தோஷத்தோடு திரும்பினேன். குழாயடியில் அக்கா நின்றிருந்தார். நான் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பா அவர் கையில் இருந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மாவிடமோ அப்பாவிடமோ அவர் சொல்லவில்லை. அன்று மாலை தன் பத்து மணியை மட்டும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். "சத்தமா சொல்லும்மா" என்றார் அப்பா. "தொண்ட வலிக்குதுப்பா" என்றார் அக்கா. அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அவர் குரல் எங்கள் வாசலைத் தாண்டவே இல்லை.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அம்மாவோடு உப்பளத்துக்குப் போகத் தொடங்கினார். விடியும் முன்பே போய், வெயில் ஏறும்வரை பாத்தியில் நின்று உப்பு வார வேண்டும். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை என்பது அக்காவுக்கு வசதியாக இருந்தது.

அனுமந்தையில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகும் மாமா அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது, வாயைத் திறக்கவே கூடாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தார். மாமா எங்கள் எல்லோர் முன்னாலும் நேராக அக்காவிடமே பேசினார்.

"உங்களுக்கு என்னைப் புடிச்சிருக்குதா? நீங்களே சொல்லுங்க."

அக்கா நிமிரவில்லை. "எனக்குப் பேச்சு சரியா வராது" என்றார்.

"அதான் வந்துடுச்சே" என்றார் மாமா. "போட்ல மோட்டார் சத்தத்துல நாங்க பேசுறதே யாருக்கும் புரியாதுங்க. கத்திக் கத்திப் பழகிட்டோம்."

அக்கா அன்று சிரித்ததை நான் பார்த்தேன். கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிட்டார்.

அவர்களுக்குக் கல்யாணம் ஆகி, மகள் ஷெரின் பிறந்தாள். இரண்டரை வயதாகியும் அவளுக்கு ஒரு சொல் வரவில்லை. காது நன்றாகக் கேட்டது. சுகாதார நிலையத்துக்கு அக்காவோடு நானும் போனேன். அங்கிருந்த நர்ஸ் அம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு, "வூட்ல கொழந்தகிட்ட யார் பேசுவீங்க?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"நான் பேசுறதில்லங்க. எங்கிட்ட கத்துக்கிட்டா என்னாட்டமே பேசுமேன்னு பயம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டரை வருடமாக, பெற்ற பிள்ளையிடம் வாய் திறக்காமல், சைகையிலும் முத்தத்திலுமே அவளை வளர்த்திருக்கிறார். மாமா கடலுக்குப் போனபின் அந்த வீட்டில் சத்தமே இருந்ததில்லை.

நர்ஸ் அம்மா எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "உன் பேச்சு தொத்து வியாதி இல்லம்மா. நீ பேசாததாலதான் அதுக்கு வாயே வரல. நாளைக்கு வெளிய போனா ஸ்கூலு, பசங்க, டிவின்னு ஆயிரம் இருக்குது, மத்ததெல்லாம் அங்க கத்துக்கும். மொதல்ல உன் குரல கேக்கட்டும்."

அடுத்த நாளிலிருந்து அக்கா பேசினார். பாத்தி ஓரத்தில் ஓலை நிழலில் பிள்ளையை உட்காரவைத்து, உப்பு வாரிக்கொண்டே காக்கையைப் பற்றி, கொக்கைப் பற்றி, சமைக்கப்போகும் குழம்பைப் பற்றி எல்லாம் பேசினார். கூட வேலை செய்த பெண்கள், "ஏம்மா, இவ்ளோ பேச்ச இத்தினி நாளா எங்க வெச்சிருந்த?" என்று கேட்டார்களாம். நாலு மாதத்தில் ஷெரின் "ம்மா" என்றாள். முதலில் கொஞ்சம் மூக்கால்தான் பேசினாள். அக்கா அழுதார். பள்ளிக்குப் போன ஒரே வருடத்தில் அது தானாகத் தெளிந்துவிட்டது.

ஷெரின் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா குரலிலேயே தகவல் போட்டார். பிள்ளைகள் யாரோ அந்தக் குரலைப் போலப் பேசிப் பதிவு செய்து சுற்றுக்கு விட்டார்கள். ஷெரின் வீட்டுக்கு வந்து கத்தினாள். "யார் உன்ன வாய்ஸ் போட சொன்னது? டைப் பண்ணத் தெரியாதா உனக்கு?"

எனக்கும் போன் செய்தாள். "சித்தி, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு நீங்க வாங்க. அம்மா வேணாம்."

நேரில் போய், குழாயடியில் நடந்ததை அவளிடம் சொன்னேன். அதுவரை நான் யாரிடமும் சொல்லாதது அது.

"அம்மாவுக்குத் தெரியுமா சித்தி?"

"கேட்டுக்கிட்டேதான் நின்னாங்க."

ஷெரின் வெகுநேரம் அழுதாள். கூட்டத்துக்குத் தன் அம்மாவைத்தான் அழைத்துப்போனாள். அங்கே அக்கா எழுந்து, "இவளுக்கு போர்டு சரியா தெரியல டீச்சர். கண்ண சுருக்கிப் பாக்குறா. முன்னாடி உக்கார வைங்க" என்றாராம். பின் வரிசையில் யாரோ மூக்கால் ஒலி எழுப்பினார்கள். ஷெரின் திரும்பி, "எங்கம்மா பேசினு இருக்காங்க" என்று மட்டும் சொன்னாளாம். வகுப்பு அடங்கிவிட்டது. டீச்சர் எனக்குச் சொன்னது இது.

அடுத்த வருடம் அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போகும் நாட்களில், திண்டிவனத்தில் மருந்துக்கடை வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நானும் கூடப் போவேன். ஒரு நாள் ஊசி ஏறிய அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"அக்கா, ஸ்கூல்ல நான் உன்ன மாதிரி பேசிக் காட்டினேனே. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது."

"மன்னிச்சிடுக்கா."

"எத்தினியோ பேரு என்னாட்டம் பேசிக் காட்டியிருக்காங்க. ஒருத்திக்கும் சரியா வரல. நீ பண்ணதுதான் அச்சு அசலா இருந்துச்சி. கூடவே கெடந்தவ இல்ல நீ?" என்று சொல்லி என் கையைத் தட்டினார். கோபம் இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து, ஒரு காலை நேரத்தில், ஷெரினின் பெயரைச் சொல்லிக்கொண்டே அக்கா கண்மூடினார்.

அக்காவின் இறுதி நாட்களில் வாரம் தவறாமல் நற்கருணை கொண்டுவந்த பங்குத் தந்தைக்கும், மருத்துவமனைக்குக் காலம் பாராமல் வண்டி ஓட்டிய அனுமந்தைத் தம்பிகளுக்கும், தங்கள் வேலையோடு அக்காவின் பாத்தியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட உப்பளத்துச் சகோதரிகளுக்கும், ஷெரினுக்குக் கண்ணாடி வாங்கித் தந்த வகுப்பாசிரியைக்கும், பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் தேடிவந்து பார்த்த நர்ஸ் அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. என் வகுப்பில் கூட்டமாக இருந்த அந்த நாலு பேரில் இருவர் அடக்கத்துக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்கும் நன்றி. அன்று பேசிக் காட்டியது நான்தான். சிரித்த அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அடக்கத்தன்று தூரத்து உறவினர் ஒருவர் என்னிடம், "யாரு, அந்தப் பேச்சு சரியா வராத பொண்ணா?" என்று கேட்டார். என் இடுப்பில் இருந்த என் நாலு வயது மகள் எனக்கு முன்பே பதில் சொன்னாள்.

"இல்ல, எங்க பெரியம்மா நல்லாத்தான் பேசுவாங்க."

பிறந்ததிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த குரல் அது. அதில் குறை இருப்பதாக அவளுக்கு இன்னும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.