கிற்றாருக்கு மேளம் கட்டினேன்

வீணையின் மெட்டுகளைக் கழற்றி, கறுப்பு மெழுகை உருக்கி ஊற்றி, சுருதி பார்த்துத் திரும்பப் பதிப்பதை மேளம் கட்டுதல் என்பார்கள். கிற்றாரின் கழுத்திலும் குறுக்கே கம்பிகள்தானே இருக்கின்றன, அவற்றையும் மெட்டு என்று சொன்னால் போயிற்று என்று நினைத்தேன். பெயர் ஒன்றானால் வேலையும் ஒன்று என்று நம்பிய படித்த மடையன் நான்.

எழுபதுகளின் நடுவில் கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், தொடர்மாடி வீடொன்றில் நானும் மனைவியும் இருந்தோம். பகலில் ஒரு கொம்பனியில் வரைபடம் கீறினேன். சனிக்கிழமைகளில் இலங்கையர் சிலர் நடத்திய பைலா ஆட்டப்பாட்டுக் கோஷ்டியில் எலெக்ற்றிக் கிற்றார் வாசித்தேன். கிழமை முழுக்க நான் பேசும் இங்கிலீஷுக்கு "பார்டன்?" என்று கேட்ட நகரத்தில், ஒருதரமும் அப்படிக் கேட்கப்படாதது அந்தக் கிற்றார் மட்டும்தான்.

அதன் மெட்டுகள் தேய்ந்து பள்ளம் விழுந்தன. தந்தியைத் தொட்டால் இலையான் மொய்ப்பதுபோல் ஙொய்யென்று இரைந்தது. கோஷ்டித் தலைவன் என்னிலும் இளையவன். நாசூக்காகச் சொன்னான்:

"அண்ணை, மொன்றியல்லை இருந்து ஒரு பெடியன் வந்திருக்கிறான். உங்கடை சாமான் சரிவராட்டி இந்தச் சனி மட்டும் அவனை விடுவம்."

'மட்டும்' என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கொஞ்சக் காலம் மட்டும் என்றுதான் நானும் கனடாவுக்கு வந்தேன்.

சனி காலை கிற்றாரின் கழுத்தைக் கழற்றி, குறடால் மெட்டுகளைப் பிடுங்கினேன். பல்லோடு ஈறு வருவதுபோல் மரமும் சிம்பு சிம்பாக வந்தது. அகன்றுபோன வெட்டுகளில் புது மெட்டுகள் ஆடின. அவற்றைப் பார்த்து நானும் ஆடினேன்.

வீணை படித்த மனைவி வாசலில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ, உது வீணையில்லை."

"மெட்டு மெட்டுத்தான். மெழுகு இருக்கோ?"

"கேக்கிலை வைக்கிற மெழுகுதிரி இருக்கு. நீலமும் றோசும்."

"கறுப்பு இல்லையோ?"

"செத்த வீட்டிலை ஆர் கேக் வெட்டுறது?"

இரண்டையும் உருக்கி ஊற்றினேன். ஊதா வந்தது. மெட்டுகள் அசையாமல் நின்றன. கொஞ்ச நேரம் நான் மேதை. அந்த மிதப்பில் கழுத்தின் பின்பக்கத்தைத் தேய்த்துப் புது வார்னிஷும் பூசினேன். அப்போதுதான் தலைவன் போன் எடுத்தான், என்னை ஏற்ற வெளிக்கிட்டுவிட்டார்களாம். வார்னிஷ் காயவில்லை. பதறிப்போய்க் கழுத்தை ஹீற்றரின் மேல் சாய்த்து வைத்தேன்.

சேட்டும் காற்சட்டையும் மாற்றிக்கொண்டு வந்து பார்த்தால், பஸ்ஸில் நித்திரை கொள்ளும் ஆட்களைப்போல மெட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. ஹீற்றரில் ஊதா வடிந்தது. ஒன்றை நிமிர்த்தினால் மற்றது படுத்தது. ஈர வார்னிஷில் பொலிஸுக்குப் போதுமான அளவு என் கைரேகை.

தலைவன் வந்து பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பரவாயில்லை அண்ணை, சும்மா வாங்கோ. கை தட்ட ஆள் காணாது."

"ஓம் தம்பி, வாறன்."

காரின் பின் சீற்றில், வழமையாகக் கிற்றார் கிடக்கும் இடத்தில், நான் இருந்தேன். முன்னால் மொன்றியல் பெடியன். மரியாதையாகத் திரும்பினான்.

"அங்கிள், கால் நீட்ட இடம் காணுமோ? சீற்றை முன்னுக்குத் தள்ளட்டோ?"

அதுவரை என்னை எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள்.

"வேண்டாம் தம்பி," என்றேன், "வசதியாத்தான் இருக்கு."