ஆணி அடிக்காமல் போட்ட பலகைத்தளம்

எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்தபோது என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் மூச்சில்லாமல் வந்தன. இரண்டையும் ரப்பர் மலையோரம் புதைத்திருந்தோம். இதையாவது முழுசாகக் கையில் கொடுத்துவிடு முருகா என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு பிரார்த்தனை கிடையாது.

மழை விடவில்லை. மண் சரியும், லயத்தில் யாரும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்ற குடும்பங்கள் ஸ்கூலுக்குப் போயின. கூட்டத்தில், ஈரத் தரையில் என் மனைவியைப் படுக்க வைக்க முடியாது. தூரமாகப் போய்க் குலுங்கவும் கூடாது என்று மிட்வைஃப் அம்மா சொல்லியிருந்தார். அப்போதுதான் தோட்டத்துத் தொரை, வீட்டு பஸ் என்று நாங்கள் சொல்லும் பழைய வண்டியைக் காட்டினார். முன்னொரு காலத்தில் இருந்த தொரை, பெண்சாதி பிள்ளைகளோடு ஊர் சுற்ற வைத்திருந்த வண்டி அது. உள்ளே கட்டில், அலுமாரி, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. புளத்கொகுபிட்டிய ரோட்டுப் பக்கமாக, ரப்பர் ஷீட் புகைபோடும் பழைய புகைக்கூடத்தை ஒட்டி, டயர் உட்கார்ந்து, அடியில் கல் முட்டுக் கொடுத்து நின்றது. கூரை ஒழுகவில்லை. ஆனால் நான் உள்ளே ஏறிய முதல் அடியிலேயே தளம் உடைந்து கால் முழங்கால்வரை இறங்கிவிட்டது.

தளத்தை மாற்றாமல் அவளை ஏற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் ஆணி அடிக்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில், அதுவும் புருஷன் கையால், ஆணி அடிக்கக்கூடாது. எங்களில் இதை யாரும் மீற மாட்டார்கள். அடி பிள்ளைக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை.

என் மச்சான், அவளுடைய தம்பி, சிரித்தான்.

"சக்கரம் வெச்சது எப்படி வீடாகும்? அப்படிப் பாத்தா கேகாலை பஸ்ஸில ஏறுற வயித்துக்காரிக்கெல்லாம் டிரைவர்தான் வீட்டுக்காரனா?"

"வாயக் கழுவுடா," என்றார் அத்தை. "எம் மக படுக்கிற எடம் எதுவோ அதுதான் வீடு. மாப்புள, அந்தச் சுத்தியலக் கையால தொடாதீங்க."

"அப்ப பலகைய எச்சி தொட்டா ஒட்டுறது?" என்றான் மச்சான்.

கடைசியில் அத்தையே வழி சொன்னார். இஸ்குருப்பு போடலாம். அது முறுக்குவதுதானே, அடியில்லையே. பழைய ஆணிகளைப் பிடுங்குவதிலும் தோஷமில்லை.

கற்பூரம் கொளுத்திவிட்டு வேலையைத் தொடங்கினேன். மேலே ஒட்டியிருந்த ரப்பர் விரிப்பை உரித்ததும் அடியில் பிளைவுட் ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தது. அள்ளி அள்ளிக் கொட்டினோம். இரும்புச் சட்டங்களும் அவற்றோடு இறுக்கியிருந்த மரச் சட்டங்களும் மட்டும் மிஞ்சின. வெளியே மழைக்கால வெக்கை. ஆனால் சட்டங்களுக்கு நடுவிலிருந்து ஒரு குளிர் காலில் ஏறியது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் படுமே, அதுபோல. அடியில் கிணறு இல்லை. ஒரு முழம் இடைவெளி, பிறகு மண், அவ்வளவுதான். மச்சானும் காலை நகர்த்திக்கொண்டான்.

துரு சுரண்டி, மறுபடி துருப்பிடிக்காமல் மை பூசி, காயவிட்டு, சப்பு மரப் பலகைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். கையால் துளை போட்டுத் திருப்புளியால் முறுக்கினேன். சத்தமே வராத வேலை. பகல் சாப்பாட்டுக்கு முன்னால், கட்டில் பக்கம் குனிந்திருந்தபோது, கதவடியில் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

ஆணி அடிக்கிற சத்தம். முதலில் மெதுவாக, ஆணி மரத்தைப் பிடித்தபின் கனமாக. தளத்துக்குக் கீழேயிருந்து மேல்நோக்கி அடிப்பதுபோல் இருந்தது. கையை எடுத்தேன். அது நிற்கவில்லை.

வெளியே புகைக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். அவள் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

"ஏங்க, அடிக்கிறீங்களா? எனக்குத் தெரியாம அடிக்கிறீங்களா?"

இறங்கி ஓடினேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். திருப்புளி மட்டும்தான் இருந்தது.

"சத்தியமா இல்ல புள்ள. முருகன் மேல ஆணையா நான் அடிக்கல."

"பொய் சொல்லாதீங்க. ரெண்டு போயிருச்சு. இதையும்..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. நான் அவள் முன்னால் மழையில் நிற்கும்போதே, ஆள் இல்லாத வண்டிக்குள் மறுபடி கேட்டது. டக். டக். டக். அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள். அழவில்லை.

புகைக்கூட வாச்சர், சிங்கள ஆள், தலையை வெளியே நீட்டினார். "கவுத தட்டு கரன்னே?" யார் தட்டுகிறது என்று எங்களைத்தான் கேட்டார். நாங்கள் யாரைக் கேட்பது?

மச்சான் டோர்ச் எடுத்துக்கொண்டு அடியில் தவழ்ந்து போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் கேலி இல்லை. அடியில் காய்ந்த மண்தானாம். அதில் ஒரு கோழிக் கால் தடம்கூடக் கிடையாதாம்.

"ரப்பர் காய் வெடிச்சு கூரையில விழுந்திருக்கும்," என்றான்.

காய் வெடிக்கிற காலம் அதுவல்ல என்பது அவனுக்கும் தெரியும்.

"போதும் மாப்புள, விட்டுருங்க. இந்த எடம் வேணாம்," என்றார் அத்தை.

பாதித் தளம் பலகை, பாதி வெறும் சட்டம். வேறு போக்கிடம் இல்லை. நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"முடிச்சிருங்க," என்றாள். "யாரு அடிச்சாலும் சரி, நீங்க அடிக்கல. அது போதும்."

அன்று முழுக்க நான் முறுக்கினேன், கீழே அது அடித்தது. ஒவ்வொரு இஸ்குருப்புக்கும் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நான் அடுத்த பலகைக்குப் போனால் அதுவும் அந்தப் பலகைக்கு நகர்ந்து வந்தது. எனக்கு உதவுகிறதா, என்னைத் தடுக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. கதவோரக் கடைசிப் பலகை இறுகியதும் சத்தம் நின்றது. உள்ளே ஏறி மிதித்துப் பார்த்தேன். ஆடவில்லை. அவளை ஏற்றிப் படுக்க வைத்தோம்.

விடிந்ததும் அவள் என்னைத் தொட்டு எழுப்பினாள்.

"அது நின்னப்பவே இதுவும் நின்னுருச்சுங்க. ராத்திரி பூரா பாத்தேன். புள்ள அசையல."

தோட்ட லொறியில் மெத்தை போட்டு, அதன்மேல் அவளை வைத்து, கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குலுங்கக்கூடாது என்றவர்களே இப்போது வேகமாகப் போ என்றார்கள். உடனே ஆப்பரேஷன் செய்தார்கள். நான் வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முருகா என்ற பெயர்கூட வாயில் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே சாமி அவர்தான்.

பெண் பிள்ளை. கையளவுதான் இருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்ததாம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கிடைத்திருக்காதாம். உயிர் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தேற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டு பஸ்ஸுக்குத் திரும்பி வந்தபோதும் தூறிக்கொண்டுதான் இருந்தது. நான் கதவைத் திறந்து பிடித்தேன். என் மனைவி ஏறவில்லை. பிள்ளையைச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு, குனிந்து, வண்டிக்கு அடியில் பார்த்துப் பேசினாள். கோயிலில் பேசுகிற குரல்தான் அது.

"புள்ளையோட வந்திருக்கேன். இருந்துட்டுப் போறோம். ஒங்களுக்கு ஒண்ணும் கொறை வைக்க மாட்டோம்."

கும்பிடுவதென்றால் மேலே பார்த்தே பழகியவன் நான். அவள் யாரிடம் கேட்கிறாள் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவள் குனிந்தபடியே கீழே காது கொடுத்து நின்றாள்.

"பச்ச ஒடம்போட மழையில என்னடி பேச்சு," என்று அத்தை அதட்டினார்.

அவள் வலது காலை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.