குனியத் தெரிந்தவர்

மைதானத்தில் நடக்க வருபவர்களில் அவரை மட்டும் எனக்குப் பிடிக்காது. அறுபதைத் தாண்டியவர், என்னைப் போலவே தொப்பை வேறு. நடந்து முடித்ததும் மலைக்கோட்டையைப் பார்த்து நின்று, முழங்காலை மடக்காமல் குனிந்து, உள்ளங்கை இரண்டையும் தரையில் பதிப்பார். என் விரல்களோ முழங்காலைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் நின்றுவிடும். வயிறு எரியும் எனக்கு.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "எப்படி சார் இம்புட்டு வளையுறீங்க?"

"வீட்ல நான் ஒத்த ஆளு சார். கால் நகத்த நானேதான வெட்டணும்? தெனமும் செத்த நேரம், மூச்ச விட்டுக்கிட்டே மெல்லக் குனிஞ்சு பழகுனேன். வந்துருச்சு. உங்களுக்கு யாரு வெட்டுறா?"

"வீட்டுக்காரிதான். ஞாயித்துக்கிழமையானா உக்கார வச்சு, திட்டிக்கிட்டே வெட்டி விடுவா."

அவர் என் கால்களையே பார்த்தார். "குடுத்து வச்ச ஆளு சார் நீங்க."

அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானதுதான். அத்தனை நாளும் நான் அவரைப் பார்த்த பார்வை அது.

அவர் சொன்னபடியே பழகினேன். இப்போது என் விரல்கள் பாதத்தைத் தொடுகின்றன. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால்களை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.