பூச்சி அரித்த வரி

கையைக் கழுவி, துடைத்து, ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் கப்பல்காரர் தாளைத் தொடுவார். டீயும் தண்ணீரும் அவர் மேசைக்கு ஒரு முழம் தள்ளியே நிற்கவேண்டும். மீறியவர் மாப்பிள்ளையே ஆனாலும், "இது என்ன டீக்கடை பெஞ்சா?" என்று கேட்டுவிடுவார்.

கப்பலில் அவர் ஏறியதே இல்லை. நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கம் பிழைக்க வந்து தங்கிவிட்ட பல மொழிக்காரர்களின் பூர்வீகத்தை, ஆவணக் காப்பகத்தின் கப்பல் பதிவேடுகளில் தேடுகிறார். வழியில் யாரைப் பார்த்தாலும், "உங்க கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பல்?" என்பதுதான் நலம் விசாரிப்பு. தையல்காரருக்கு ஐந்து தலைமுறை எடுத்துக் கொடுத்தார். முடிதிருத்துபவருக்கு, தாத்தாவின் இன்னொரு குடும்பத்தையே கண்டுபிடித்துக் கொடுத்து, "இனி உங்க பாடு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

தம் வழி மட்டும் பதிவேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருக்கிறது. தகப்பன் பெயரும் ஊரும் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. நேர் கீழ்வரியில் மனைவியின் கொள்ளுத்தாத்தா. ஊர், தகப்பன் பெயர், கன்னத்து மச்சம் வரை ஓர் எழுத்துக் கெடவில்லை. அந்த ஊருக்குக் கடிதம் போட்டதில் இன்னும் நான்கு தலைமுறை வந்து சேர்ந்தது.

"ஒரு நாளாவது அந்த ரிஜிஸ்டரைத் தொட்டிருப்பாளா சார்? உக்காந்த இடத்துல எல்லாம் வந்து விழுது" என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் பொருமினார்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "பூச்சிக்கே உங்க ஆளுதான் பிடிச்சிருக்கு. எங்க ஆளு கசப்பு போல, விட்டுடுச்சு. அதுக்கு ஏங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறீங்க?"

அடுத்த வாரம் நூலக மண்டபத்தில் அவர் வரைந்த வம்சப் படங்களின் கண்காட்சி. முதல் படம் அவர் வீட்டுடையதாம். மேசையில் விரித்திருந்த கெட்டித்தாளில் வலப்பக்கம் மனைவி வழி விளிம்பு வரை கிளைத்திருந்தது. இடப்பக்கம், கொள்ளுத்தாத்தாவின் கட்டத்துக்கு மேல் வெறும் வெள்ளை.

"சம்பந்தி வீட்ல எல்லாரும் வந்து பாப்பாங்க. நான் என்ன வானத்துலேர்ந்து குதிச்சவனா?" குரலைத் தாழ்த்தினார். "அவ பக்கத்தையும் கொள்ளுத்தாத்தாவோட நிறுத்திட்டா யாருக்குத் தெரியும்?"

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் டீயோடு வந்தார். அடுப்பு நினைப்பில், தம் முன்னோர்கள் மேலேயே டம்ளரை வைத்துவிட்டு, "ஆறிடும், குடிங்க" என்று போய்விட்டார்.

கப்பல்காரர் கத்தவில்லை. டம்ளரை எடுத்தார். தாளில், மனைவியின் கொள்ளுத்தாத்தா கட்டத்துக்கு மேலே, பழுப்பாக ஒரு வட்டம். ஒரு வாய் குடித்துவிட்டு, அதே வட்டத்தில் திரும்ப வைத்தார்.