எட்டு எண்ணும்வரை

சும்மா உட்கார எனக்கு வராது. சிறு வயதில் அம்மா, "காலை ஆட்டாதடா, குடும்பத்துக்கு ஆகாது" என்று தொடையில் ஓங்கி ஒன்று வைப்பாள். அவள் கையை எடுப்பதற்குள் மறு கால் ஆடத் தொடங்கிவிடும். இப்போது அந்தப் பொறுப்பு என் மனைவியிடம் இருக்கிறது. தட்டில் ஸ்பூனால் தாளம் போட்டால் தட்டையே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இந்த அடங்காத கைகால்களுக்குக் கிடைத்த ஒரே நியாயமான வேலை டிரம்ஸ். வாரத்தில் ஆறு நாள் அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ராக் பேண்டின் நாலு பேரும் சேர்ந்து காதைப் பிளப்போம். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் போனது.

பிறகு பப்களில் சத்தத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. எங்களைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒருநாள் எங்கள் பாடகன் சொன்னான்: "மச்சா, இதே பாட்டையெல்லாம் கரன்ட் இல்லாம பண்ணலாம். வெறும் மரக் கிட்டார். ஒரு ஆல்பம்." கிட்டார்காரனும், பேஸ் கிட்டார் வாசிக்கிற பேஸ்காரனும் உடனே தலையாட்டினார்கள். அவர்களுக்கென்ன, கரன்ட் இல்லாத கிட்டாரும் உண்டு, பேஸும் உண்டு. டிரம்ஸுக்கு என்றைக்குமே கரன்ட் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் முதலில் வெளியே போனது அதுதான்.

எனக்கு ஒரு மரப்பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். கஹோன் என்று பெயர். மேலே உட்கார்ந்து முன்பலகையைக் கையால் தட்ட வேண்டும். தட்டினேன். மெதுவாக என்றார்கள். இன்னும் மெதுவாக. விரல் நுனியால் மட்டும். வாராவாரம் ஒவ்வொரு பாட்டிலும் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். வழக்கமாக எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அந்த வாரங்களில் பயம்தான் வந்தது. நான் இல்லாமலே பாட்டு நன்றாக இருந்துவிட்டால், இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்து நான் என்ன கிழித்தேன்?

ஜீவனஹள்ளியில் ஒரு வீட்டு மாடியில் ஒலிப்பதிவு. பக்கத்திலேயே ரயில் பாதை. ஒரு ரயில் போனதும் தொடங்கி, அடுத்தது வருவதற்குள் முடிக்க வேண்டும். கடைசி நாளுக்கு எங்கள் பேர்பெற்ற பாட்டை வைத்திருந்தோம். மேடையில் அதன் இரண்டாம் சரணம் முடிந்ததும் மூவரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். எட்டு எண்ணிக்கைக்கு நான் மட்டும் வெளுத்து வாங்குவேன். எட்டு முடியும்போது முகவாயைத் தூக்குவேன். மூவரும் ஒன்றாகப் பாய்வார்கள். எண்ணுவது என் வேலை, என் முகத்தைப் பார்ப்பது அவர்கள் வேலை.

இந்தப் பாட்டுக்குப் பெட்டியும் வேண்டாம் என்று முடிவாகியிருந்தது. வேடிக்கை பார்க்க ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தடவை முடிந்ததும் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றினார். "சார், யாரோ தரையில தட்டறாங்க." எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினேன். அடுத்த தடவை வெறும் பாதமும் கேட்டது. அதற்கடுத்த தடவை நாற்காலி கிறீச்சிட்டது. ரயில் வந்து போனது. பாடகன் என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "மச்சா, கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்."

போனேன். டீ வாங்கினேன், குடிக்கவில்லை. கையில் கிளாஸோடு தெருமுனைக்கும் கடைக்குமாக நாலைந்து நடை நடந்தேன். போங்கடா நீங்களும் உங்கள் மரக் கிட்டாரும் என்று வாய்விட்டே சொன்னேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கிளாஸை வைத்துவிட்டு வண்டியில் சாவியைப் போட்டேன். அப்போது பேஸ்காரன் போன் செய்தான்.

"மேல வா குரு."

"எதுக்கு? கால் ஆட்டவா?"

"வா, ப்ளீஸ். சேரவே மாட்டேங்குது."

மேலே போனதும் பதிவானதைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாம் சரணம் முடிந்தது. பழக்கதோஷத்தில் மூவரும் என் எட்டு எண்ணிக்கைக்கு இடம் விட்டு நிறுத்தியிருந்தார்கள். அப்புறம் கிட்டார்காரன் ஆறிலேயே நுழைந்துவிட்டான், பாடகன் எட்டில், பேஸ்காரன் அதற்கும் பின்னால். ஒரே ஆட்டோவில் மூன்று பேர் முண்டியடித்து ஏறுவது போல இருந்தது. காதில் டிக் டிக் என்று தாளம் எண்ணும் கருவி வைத்தும் பார்த்தார்களாம். சரணத்தை இழுத்து இழுத்துப் பாடுகிற எங்கள் ஆள் அதற்குள் அடங்கவில்லை. இடைவெளியை எடுத்துவிட்டுப் பாடினால் பாட்டுக்கு மூச்சு முட்டியது.

கிட்டார்காரன்தான் சொன்னான்: "முன்னாடி உக்காரு. ஒண்ணும் தட்ட வேண்டாம். மூஞ்சிய மட்டும் காட்டு."

கால் ஆடாதபடி கம்பளத்தில் சம்மணம் போட்டேன். விரல்களை இறுகக் கோத்துக்கொண்டேன். ரயில் போனது. சரணம் முடிந்தது. மூவரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு அடியும் தோளில் கிளம்பி விரலில் முட்டி நின்றது. நாலில் கால் துடித்தது, விடவில்லை. ஆறில் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை. எட்டில் முகவாயைத் தூக்கினேன். மூவரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

திரும்பப் போட்டுக் கேட்டபோது அந்த அமைதியின் கடைசியில் ஒரு சின்னச் சத்தம் இருந்தது. முகவாயைத் தூக்குமுன் நான் இழுத்த மூச்சு. இதிலும் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அதை எடுத்துடுங்க சார்" என்றேன். ஒலிப்பதிவாளர் மௌஸில் கை வைத்தார்.

"கை வைக்காதீங்க சார்" என்றான் பாடகன். "இந்தப் பாட்டுல எங்க டிரம்ஸ் ட்ராக் அது ஒண்ணுதான்."

அடுத்த ரயில் வந்தது. அது போகும்வரை என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை யாரும் என் காலைப் பார்க்கவில்லை.