எலுத்தேரியோ மறைத்த ரத்தம்

எலுத்தேரியோவுக்குக் கடலைக் கண்டு பயம் கிடையாது. கரையில் இருக்கும் வாய்களைக் கண்டுதான் பயம். இத்தனைக்கும் அந்தக் கரையிலேயே பெரிய வாய் அவனுடையதுதான். பொஹோல் தீவின் அந்த மீனவர் குடியிருப்பில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் அவன். விதை வீங்கிப்போன ஒரு மனிதருக்கு ‘பலாக்காய்’ என்று வைத்தான். அவர் செத்தபோது சவப்பெட்டிக்குப் பின்னால் அழுதுகொண்டு போனவர்கள்கூட, “பலாக்காய் போயிட்டாரே!” என்றுதான் அழுதார்கள். அங்கே பட்டப்பெயர் ஒட்டினால் ஒட்டினதுதான், பிள்ளைகுட்டிகளையும் விடாது.

படகில் அவன் வேலை மூங்கிலில் நிற்பது. அவர்கள் படகுக்கு இரண்டு பக்கமும் நீளமான மூங்கில்கள் கட்டியிருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தால், எதிர்ப்பக்கத்து மூங்கில்மேல் ஓடிப்போய் நின்று உடம்பின் பாரத்தால் படகை அமுக்கிப் பிடிக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவன் போர்ஃபிரியோ, சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. எலுத்தேரியோ மூங்கிலில் நின்றால் அவன் கண்ணை மூடிக்கொண்டு படகை ஓட்டுவான்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை எலுத்தேரியோ வழுக்கி, இரண்டு காலும் இரண்டு பக்கம் போக, மூங்கில்மேலேயே விழுந்திருக்கிறான். கண்ணில் பூச்சி பறந்தது. மீன்பெட்டி ஐஸைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தான். அன்று ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. சிறுநீர் தெளிவாகவே வந்தது, கொஞ்சம் எரிச்சல் மட்டும். தானாகவே சரியாகிவிட்டது. அந்த அதிர்ஷ்டம்தான் பிற்பாடு அவனைக் கெடுத்தது.

பேரன் பிறந்த வருஷம் மறுபடியும் அதே மாதிரி விழுந்தான்.

“என்னடா, முட்டை உடைஞ்சிருச்சா?” என்று போர்ஃபிரியோ கத்தினான்.

“உடைஞ்சா உனக்குத்தான் பொரிச்சுத் தருவேன், கவலைப்படாத!”

எல்லோரும் சிரித்தார்கள். கரையோரத் தண்ணீரில் இறங்கிக் கால்சட்டையை அலசும்போது பார்த்தான். ரத்தம். குறியின் நுனியிலிருந்து சொட்டியிருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றே கழுவினான். ஊர்ச் சுகாதார நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே இருக்கும் மருத்துவச்சிக்கு ‘ஒலிபெருக்கி’ என்று பெயர் வைத்தவனே அவன்தான். அவளிடம் போய் இதைக் காட்டுவதா? நாளைக்கே தனக்கு என்ன பெயர் வரும் என்று யோசித்தான். யோசிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா அவனுக்கு! நாலைந்து பெயர்கள் உடனே வந்தன.

சாயங்காலத்துக்குள் சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அதுவும் சிவப்பாக. மனைவி ரொசெண்டா பார்த்துவிட்டாள். புருஷனை அவள் ‘பாங்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“என்ன பாங், ஏன் இப்படி முக்குற?”

“நீர்க்கடுப்புடி. வெயில்ல நின்னேன்ல.”

நீர்க்கடுப்பு என்றால் அந்த ஊரில் ஒரே வைத்தியம், இளநீர். பாவம், அவளே கத்தியை எடுத்து ஒவ்வொன்றாகச் சீவிச் சீவிக் கொடுத்தாள். இவனும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாமல், அந்த வாயாலேயே குடித்துத் தீர்த்தான். முட்டாள், முட்டாள்! மறுநாள் ஒரு சொட்டும் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது, விதைப்பை ஊதிக் கறுத்தது, காய்ச்சல் கொதித்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். நினைவு தப்பிய பிறகுதான் போர்ஃபிரியோ படகில் போட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அடிவயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைத்தார்கள். சீழ் பிடித்த இடத்தைக் கீறிவிட்டார்கள். கண் விழித்ததும் டாக்டரம்மா, மூத்தவர்களைக் கூப்பிடும் மரியாதைச் சொல்லோடு கேட்டாள்: “நோங், அடிபட்டதை ஏன் சொல்லல?”

பதிலுக்குக் காத்திராமல் குழாயைச் சரிபார்த்தபடி அவளே சொன்னாள்:

“வெறும் வலி, நீர் தெளிவா போகுதுன்னா ஐஸ் வெச்சுக்கிட்டு ஓய்வெடுக்கலாம், தப்பில்ல. நுனியில ஒரு சொட்டு ரத்தம் தெரிஞ்சாலும், நீர் சிவந்தாலும், வராம முட்டினாலும், வீங்கினாலும் அன்னைக்கே வந்துடணும். உள்ள நீர் போற வழி கிழிஞ்சிருக்கு. நீங்க மேல மேல இளநீரை ஊத்தியிருக்கீங்க. அது எங்க போகும்?”

“நான்தானே டாக்டர் வெட்டிக் குடுத்தேன்” என்று ரொசெண்டா தலையில் அடித்துக்கொண்டாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்தக் கையால குடுத்திருப்பேனா?”

“உடனே வந்திருந்தா மறுபடி மூங்கில்ல நின்னிருப்பேனா?” என்று எலுத்தேரியோ மெல்லக் கேட்டான்.

“நின்னிருக்கலாம்னுதான் தோணுது. உறுதியா சொல்ல முடியாது. ஆனா இப்ப வடு கெட்டியா விழும், வழி குறுகும். அடிக்கடி வந்து பார்த்துக்கணும். அந்த வேலை இனி வேண்டாம்.”

டாக்டரம்மா போன பிறகு எலுத்தேரியோ குழந்தைபோல அழுதான். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த போர்ஃபிரியோ, ரொசெண்டா கஞ்சி வாங்கப் போனதும் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

“போன மழைக்காலத்துல நானும் படகு விளிம்புல விழுந்தேன்டா. எனக்கும் ரத்தம் வந்துச்சு. இப்ப நீர் நூல் மாதிரிதான் வருது.”

எலுத்தேரியோ அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான்.

“அடப்பாவி! நாற்பது வருஷக் கூட்டாளி நான். என்கிட்டக்கூட ஏன்டா சொல்லல?”

“உன்கிட்டயா?” என்றான் போர்ஃபிரியோ.